இருபத்து நாலரைக் கை ஒப்பந்தம்

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஷேவ் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இன்றைக்கு ஜன்னலைக் கேட்டே தீருவது. கேட்பது என்ன கேட்பது, சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வது. அவ்வளவுதான்.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்து, இது ஆளைக் கொல்லாது என்று சான்றிதழ் எழுதி ஒட்டுகிறவர். அவர் கையெழுத்து விழவில்லை என்றால் பதினாறாவது மாடி முதலாளியும் மூச்சிரைக்கப் படியேற வேண்டியதுதான். அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டு ஹாலில் நாலடி இடம் கேட்பதற்கு மூன்று வாரமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தார் என்றால், வீட்டுக்காரம்மா எப்படிப்பட்டவர் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரம்மாவுக்குத் தெரு முழுக்க டெய்லரம்மா என்று பெயர். ஹாலுக்கு நாலு சுவர். ஒன்றில் வாசல் கதவு, ஒன்றில் அலமாரி, ஒன்றில் இன்ஸ்பெக்டரின் கடல் மீன் தொட்டி. நாலாவதில் ஜன்னல். ஜன்னலடியில் டெய்லரம்மாவின் வெட்டு மேஜை. கறுப்பு நூல் எது, கருநீல நூல் எது என்று பிரித்துப் பார்க்க அந்த வெளிச்சத்தை விட்டால் அந்த வீட்டில் வேறு வெளிச்சம் கிடையாது. போதாக்குறைக்கு நர்ஸுகளுக்கு முப்பத்திரண்டு கருநீலக் கோட்டு தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஜன்னல்தான் இன்ஸ்பெக்டருக்கு வேண்டும்.

எதற்கு? இறால் சாப்பாட்டுக்கு!

சிரிக்காதீர்கள். கடல் மீன் தொட்டி என்று பேர்தானே தவிர, அதில் மீன் கிடையாது. இரண்டே இரண்டு இறால். கட்டைவிரல் நீளம். வெள்ளை உடம்பில் ரோஸும் நீலமுமாகப் பெரிய பெரிய வட்டம், முன்னால் விசிறி மாதிரி இரண்டு கொடுக்கு. விற்ற கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்: "சார், இது சும்மா இறால் இல்ல. வேட்டைக்கார இறால்."

"என்ன சாப்பிடும்?"

"நட்சத்திர மீன்."

"வேற?"

"நட்சத்திர மீன்."

"அது கிடைக்கலன்னா?"

"செத்துப்போகும் சார். ஆனா வேற எதையும் தொடாது. அவ்வளவு ரோஷம்."

இன்ஸ்பெக்டருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தன் வீட்டில் ரோஷத்தோடு ஏதாவது ஒன்று வாழட்டும் என்று அன்றைக்கே வாங்கி வந்துவிட்டார்.

டெய்லரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிரிண்ட் நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு சின்ன உடம்புக்கு இவ்வளவு பெரிய டிசைன் எடுக்காது. முன்னால நிக்கறது யாரு?"

"அது பொண்ணு. பொண்ணுதான் பெருசா இருக்கும்."

"பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருக்கறது?"

"அது... ஆம்பள."

"ஓ, கடலுக்குள்ளயும் அப்படித்தானா" என்று சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பிவிட்டார். 

முதல் மாதம் வாரத்துக்கு ஒரு நட்சத்திர மீன். இறால் இரண்டும் சேர்ந்து அதை மல்லாக்கப் புரட்டிப் போட்டு, கை நுனியிலிருந்து பொறுமையாகத் தின்னும். பெண் தின்ன, ஆண் பின்னால் நின்று மிச்சம் மீதியைப் பொறுக்கும். அப்புறம் கடையில் சரக்கு வருவது நின்றுபோயிற்று. இன்ஸ்பெக்டர் துடித்துப்போனார். கடைக்காரர்தான் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார். நட்சத்திர மீனுக்கு அஞ்சு கை. ஒரு கையை வெட்டினால் சாகாது, மறுபடியும் வளரும். அஞ்சு மீனை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வெட்டிப் போட்டால், ஆயுசுக்கும் சாப்பாடு.

ஆயுசுக்கும் சாப்பாடு! இன்ஸ்பெக்டர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடையில் மிச்சமிருந்த கடைசி அஞ்சு மீனையும் அள்ளிக்கொண்டு வந்து, குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, காற்று மோட்டாரைப் போட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் குளிக்கப் போனாலும் பக்கத்தில் ஏதோ கொப்பளித்துக்கொண்டே இருந்தது. இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? அந்த அஞ்சுக்கும் முறையாக ஒரு கண்ணாடித் தொட்டி வேண்டும். தொட்டி வைக்கச் சுவர் வேண்டும். மிச்சமிருந்த ஒரே சுவர் ஜன்னல் சுவர். இப்போது புரிகிறதா?

ஆக, ஷேவ் முடித்து, சட்டையைப் போட்டு, கனைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"இங்க பாரு, நான் ஒரு விஷயம்..."

"நானும் ஒரு விஷயம் கேக்கணும்" என்றார் டெய்லரம்மா. கையில் கத்திரிக்கோல். பெரிய கத்திரி, துணி வெட்டுவது. "இதுல ஏன் உப்புப் பூத்திருக்கு?"

இன்ஸ்பெக்டரின் மூன்று வார ஒத்திகை அந்த இடத்திலேயே ஆவியாகிப் போனது.

"உப்பா? காத்துல ஈரம் ஜாஸ்தி..."

"காத்து என் கத்திரியைத் தேடிவந்து நக்கிச்சா?"

"இல்லம்மா, அது வந்து..."

"எதை வெட்டினீங்க?"

"கை."

"யார் கை?"

"நட்சத்திர மீன் கை. ஒரே ஒரு தடவை. சரி, நாலு தடவை. ஆனா ஒரே கைதான், துண்டு துண்டா."

டெய்லரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் இன்ஸ்பெக்டர் தப்பித்திருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்துகொண்டார்.

"நான் இதால காகிதம்கூட வெட்டினதில்ல. நம்ம கல்யாண ஃபோட்டோவ ஆல்பத்துல ஒட்டும்போதுகூட பிளேடாலதான் வெட்டினேன். தெரியுமா உங்களுக்கு?"

"சாணை பிடிச்சுத் தரேன்."

"அது இருக்கட்டும். ஒரு சந்தேகம். அந்த அஞ்சு மீனும் என்ன சாப்பிடுது?"

"உரிச்ச இறால். கடையில வாங்கறது."

"அப்போ நீங்க கடையில இறால் வாங்கி, உரிச்சு, மீனுக்குப் போட்டு, அந்த மீனோட கையை என் கத்திரியால வெட்டி, திரும்பவும் இறாலுக்கே போடறீங்க."

"அது வேற இறால், இது வேற..."

"எனக்கு ஒருநாள் உரிச்சுக் கொடுத்திருக்கீங்களா?"

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்பது இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இன்ஸ்பெக்டர் கற்ற பாடம். அப்படி மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஜன்னலைக் கேட்டுத் தொலைத்தார். மேஜையைச் சமையலறைப் பக்கம் போட்டுக்கொள்ளலாமே, அங்கே விளக்கு இருக்கிறதே, சும்மா தைப்பதுதானே, எங்கே இருந்தால் என்ன என்றார். 'சும்மா' என்ற சொல் வாயை விட்டு வெளியே போனதுமே அதை எட்டிப் பிடித்து விழுங்கிவிட மாட்டோமா என்று இருந்தது அவருக்கு.

டெய்லரம்மா அதைக் காதில் வாங்காதவர் மாதிரியே இருந்தார். அதுதான் பயமாக இருந்தது.

"கையை வெட்டாம இந்த ரெண்டையும் வளர்க்க முடியாதா?" என்று மட்டும் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அறிவாளிகள் அறியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "முடியுமா? நட்சத்திர மீனைத் தவிர வேற எதையும் தொடாது. எந்த வகை நட்சத்திரமா இருந்தாலும் சரி, ஆனா அதுதான் வேணும். வெட்டாம எப்படி? நீ வளர்த்துக் காட்டு, இந்த ஜன்னல் ஆயுசுக்கும் உனக்கு."

"காட்டிட்டா?"

"காட்டு பார்ப்போம். நாளைக்கு நான் வெளியூர் ஆய்வுக்குப் போறேன். திரும்ப இருபத்தோரு நாள் ஆகும். அதுவரைக்கும் உன் பொறுப்பு. தோத்தா ஜன்னல் எனக்கு, மேஜை சமையலறைக்கு."

"எழுதிக் கொடுங்க" என்றார் டெய்லரம்மா.

எழுதச் சொன்னால் இன்ஸ்பெக்டருக்குக் கேட்கவா வேண்டும்? தலைகால் புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து அலுவலகப் பேனாவை எடுத்தார். இறால் இரண்டும் உயிரோடும் வயிறு வாடாமலும் இருக்க வேண்டும். நட்சத்திர மீன் அஞ்சில் நாலுக்கு அஞ்சு கை, ஒன்றுக்கு நாலரை, பாதி வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆக மொத்தம் இருபத்து நாலரைக் கை. அதில் நுனி கூடக் குறையக் கூடாது. கடையில் புதிதாக நட்சத்திர மீன் வாங்கக் கூடாது. யாரையும் அனுப்பி வாங்கவும் கூடாது. ஓட்டை ஒவ்வொன்றையும் அடைத்தார். அடைத்து முடித்து, அடியில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பழக்கதோஷத்தில் 'அதிகபட்சம் ஆறு நபர்' என்றும் எழுதிவிட்டு அடித்தார்.

டெய்லரம்மா அந்தத் தாளை மடித்து ஊசி டப்பாவில் வைத்துக்கொண்டார்.

வெளியூரில் இன்ஸ்பெக்டர் தங்கியிருந்த அறையிலிருந்து தினமும் மத்தியானம் ஒரு ஃபோன்.

"சாப்பிட்டாங்களா?"

"யாரு?"

"இறால்."

"நான் சாப்பிட்டேனான்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

"சரி, நீ சாப்பிட்டியா?"

"இப்பதான் கை கழுவறேன்."

"இறால்?"

"அதுக்கென்ன குறைச்சல். மூணு வேளையும் முழுங்குது. பொண்ணுக்கு உடம்பு போட்டிருக்கு."

"எத்தனை கை போச்சு?"

"வந்து எண்ணிப் பாருங்க."

பத்தாம் நாள் படம் அனுப்பச் சொன்னார். வந்தது. இறால் இரண்டும் எதையோ வளைத்துக்கொண்டு மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தன. இரண்டும் தளதளவென்று இருந்தன. சந்தேகமே இல்லை, இவள் கையை வெட்டிவிட்டாள் என்று முடிவு கட்டினார் இன்ஸ்பெக்டர். பாவம், அவளும் என்ன செய்வாள், மனம் கேட்டிருக்காது. அவளை மன்னித்துவிடுவது என்றும், ஆனால் ஜன்னலை விடுவதில்லை என்றும் தீர்மானித்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அன்று மாலையே அந்த ஊர்க் கண்ணாடிக் கடைக்குப் போய் நாலடியில் ஒரு தொட்டிக்குச் சொல்லிவிட்டார்.

இருபத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. முன்னால் இன்ஸ்பெக்டர். பின்னால் புத்தம் புதுக் கண்ணாடித் தொட்டி. அதைச் சுமக்க இரண்டு ஆள். அண்டை அயல் எல்லாம் எட்டிப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் அதையும் கவனித்துக்கொண்டார்.

"பார்த்து வைங்கப்பா. ஜன்னல் பக்கம்" என்று உத்தரவு போட்டுவிட்டு, நேரே குளியலறைக்குள் நுழைந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு எண்ணினார். அஞ்சு. பத்து. பதினஞ்சு. இருபது. கடைசி மீனுக்கு நாலு முழுக் கை, ஒரு அரைக் கை. அந்த அரை, முக்கால் ஆகியிருந்தது.

மறுபடியும் எண்ணினார். தலைகீழாகப் புரட்டிப் போட்டும் எண்ணினார். இருபத்து நாலே முக்கால். குறைவதாவது, கூடியிருந்தது!

ஹாலுக்கு ஓடினார். இறால் தொட்டியில் விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது, பாறை இருந்தது. இறால் இல்லை. பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்தார். அங்கேயும் இல்லை. மூடியைத் தூக்கிக் கையை விட்டுத் துழாவினார். துழாவின கையோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனசு கொஞ்சம் குளிர்ந்தும் போயிற்று. இறால் போனால் போகட்டும், ஜன்னல் கிடைத்ததே!

"பட்டினி போட்டுக் கொன்னுட்டியா?" என்று குரலை உயர்த்தினார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே! சரி, போனது போகட்டும். ஒப்பந்தப்படி ஜன்னல்..."

"யார் கொன்னது?" டெய்லரம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "ரெண்டும் வேலைக்குப் போயிருக்கு."

"வேலைக்கா?"

"ஆமா. பல் டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு."

நடந்தது இவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் ஊருக்குப் போன மறுநாளே பல் டாக்டரம்மா வெள்ளைக் கோட்டு அளவு பார்க்க வந்தார். அளவு பார்க்கிறவர் நிலைமை உங்களுக்குத் தெரியும். கழுத்தில் குண்டூசி, அக்குளில் குண்டூசி, அசையக் கூடாது. அசைய முடியாத மனுஷர் பேசாமல் இருந்ததாக டெய்லரம்மாவின் அனுபவத்திலேயே கிடையாது. ஊர்க்கதை பாதி அவர் காதுக்கு வருவது அந்தப் பத்து நிமிஷத்தில்தான். டாக்டரம்மாவுக்கு அன்றைக்குப் பெரிய துக்கம். ஆஸ்பத்திரி காத்திருப்பு அறையில் ஆசையாக ஒரு கடல் தொட்டி வைத்தாராம். அதில் எங்கிருந்தோ நட்சத்திர மீன் புகுந்துவிட்டதாம். பெரியது இல்லை, சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத பொடி. கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகுகிறதாம். ஒரு பல்லுக்கும் இன்னொரு பல்லுக்கும் நடுவில் ஓடி வந்து, பல் கிள்ளுகிற இடுக்கியாலேயே கிள்ளி எறிகிறாராம். இன்று பத்து கிள்ளினால் நாளைக்கு இருபதாம்.

"நான் குண்டூசியைக் கீழ வச்சேன்" என்றார் டெய்லரம்மா. "டாக்டர், எங்க வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க, அனுப்பி வைக்கட்டுமான்னு கேட்டேன். உங்க கடைக்காரர்கிட்ட ஃபோன்ல விவரம் கேட்டு, பக்கெட்டுல எடுத்துட்டுப் போய், அந்தத் தண்ணிக்குப் பழக்கி, மெதுவா விட்டேன். நீங்கதானே சொன்னீங்க, எந்த வகை நட்சத்திரமா இருந்தாலும் தின்னும்னு?"

இன்ஸ்பெக்டர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். 

"இது செல்லாது! ஒப்பந்தத்தை மீறிட்டே!"

"எந்த வரி?"

ஊசி டப்பாவைத் திறந்து தாளை நீட்டினார் டெய்லரம்மா. இன்ஸ்பெக்டர் படித்தார். வெளிச்சம் போதாமல் ஜன்னலுக்குப் போய்ப் படித்தார். உயிரோடு, சரி. வயிறு வாடாமல், சரி. இருபத்து நாலரை, சரி, மேலே கால் வேறு. கடையில் வாங்கக் கூடாது, வாங்கவில்லை. இறால் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. எப்படி எழுதியிருப்பார்? இருபது வருடமாக, லிஃப்ட் கூண்டுக்குள் போனவர் கூண்டுக்குள்ளேயே இருப்பார் என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிற மனிதர். நடுவழியில் யாராவது இறங்கிப் போவார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"சார், கை வலிக்குது. எங்க வைக்கறது?" என்றார் தொட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர்.

இன்ஸ்பெக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி தொட்டியைப் பார்த்தார். விரலால் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தார்.

"அம்சமா இருக்கு. இந்த மேஜைக்கு அடியில தள்ளுங்கப்பா. நூல் கண்டு வைக்கறதுக்கு இப்படித்தான் ஒண்ணு தேடிட்டிருந்தேன். தூசி படாது, கலரும் தெரியும்."

"அப்போ என் நட்சத்திர மீன்?"

"அதான் ஹால்ல ஒரு தொட்டி காலியா இருக்கே? இறால் இல்லாதப்போ அதுல விடறதுக்கு என்ன? குளிக்கற ரூமும் மிச்சமாகும்."

இன்ஸ்பெக்டர் பக்கெட்டைத் தேடிப் போனார்.  மத்தியானத்துக்குள் அஞ்சு நட்சத்திரமும் ஹாலுக்குக் குடிவந்துவிட்டன. யாரும் வெட்ட வரப்போவதில்லை என்று தெரிந்தது மாதிரி இருபத்து நாலே முக்கால் கையையும் விரித்துக்கொண்டு படுத்தன. அவற்றுக்கு இறால் உரித்துக் கொடுத்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

சாயங்காலம் மனசு கேட்காமல் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டும் எப்போ திரும்பி வரும்?"

டெய்லரம்மா டெலிவரி நோட்டைப் புரட்டினார். கோட்டு, பாவாடை, கோட்டு, இறால், சட்டை, இறால் என்று வரிசையாக இருந்தது.

"பல் டாக்டர்கிட்ட இந்த வாரத்தோட முடியுது. அடுத்தது கண் டாக்டர். அவங்க தொட்டியிலயும் அதே தொல்லை, பல் டாக்டர்தான் சொல்லி அனுப்பினாங்க. அதுக்கப்புறம் ஒரு ஹோட்டல். ஹோட்டல்ல பெரிய தொட்டி, மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசமா! என் இறால் அது!"

"யார் இல்லன்னா? உங்க இறால்தான். அதனாலதான் ஒரு பொறுப்பு உங்களுக்குன்னு எழுதி வச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொறுப்பு! கண் டாக்டரிடம் போய், இது என்ன வகை, எப்படி வேட்டையாடும், எப்படிப் புரட்டும் என்று விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பல் ஆஸ்பத்திரியில் இறால் இரண்டையும் பக்கெட்டில் வாங்கிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், பத்துத் தெரு நடந்து, கண் ஆஸ்பத்திரி வாசலை அடைந்தார். உள்ளே அறை நிறைய ஜனம். எல்லாக் கண்ணும், சொட்டு மருந்து போட்ட கண்ணும்கூட, பக்கெட்டைத் திரும்பிப் பார்த்தன. இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேஜைக்குப் போய்க் கனைத்தார்.

"வணக்கம். நான்தான் இந்த..."

"டெய்லரம்மா ஃபோன் பண்ணிட்டாங்க" என்ற வரவேற்புப் பெண், தலையை நிமிர்த்தாமல் வருகை நோட்டை இழுத்து, சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினாள்: "இறால், ரெண்டு. கூட வந்தவர், ஒருத்தர்."